அதுவா, அவளா?

ஊருக்கு ஊர் ஒரு விசேஷம் இருக்கும். திருவண்ணாமலைக்கு விசேஷம் குருமார்கள். சேஷாத்திரி சுவாமிகளும் ரமண மகரிஷியும் யோகி ராம்சுரத்குமாரும் வாழ்ந்த ஊர் இது. மலையே குரு என்று நம்பி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் செருப்பில்லாமல் சுற்றி வருகிறவர்கள் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். குரு தேடி வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டே பிழைக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஆகவே, ஒரு ஆக்டோபஸைத் தன் ஆசான் என்று கொண்டாடுகிற ஒரு படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, நம் ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. 'அதுவும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நினைப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் ஒரு அவதூதர் தமக்கு வாய்த்த 24 குருமார்களைக் கணக்குச் சொல்லுகிறார். பூமி, காற்று, ஆகாயம் என்று ஆரம்பித்து மலைப்பாம்பு, விட்டில், தேனீ, யானை, மான், மீன், சிலந்தி என்று அந்த வரிசை போகிறது. ஆக்டோபஸ் அதில் இல்லை. இருந்திருந்தால் பொருந்தாமல் போயிருக்காது. ஆனால் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்த அவதூதர் யானையைக் கட்டிவைக்கவில்லை. விட்டிலைச் சிமிழுக்குள் போட்டு வளர்க்கவில்லை. பார்த்தார், கற்றுக்கொண்டார், நடந்து போய்விட்டார்.

நான் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புத்தகத்தையும் ஒரு படத்தையும் பற்றி. கூடவே, செங்கம் சாலைப் பக்கம் ஒரு வீட்டு ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பேச என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் புத்தகத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்தவன் நான்.

முதலில் பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். கணவாய் இனத்தில் உள்ளே ஓடு இருப்பதற்கு நம் கடற்கரைக்காரர்கள் ஓட்டுக்கணவாய் என்று பெயர் வைத்தார்கள். எட்டுக் கைகளோடு பாறைப் பொந்தில் பதுங்கியிருப்பதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர் வைத்தார்கள். பேய் என்று பெயர் வைத்தாலும் அவர்கள் அதைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. பாக் நீரிணைப் பக்கத்தில் அதைப் பிடிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. விரல்களை விரித்தாற்போல் இருக்கும் சங்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் போட்டுவைப்பார்கள். ஒண்ட இடம் தேடும் பேய்க்கணவாய் தானாகவே சங்குக்குள் புகுந்துகொள்ளும். கயிற்றை இழுத்தால் வீட்டோடு வந்துவிடும். இரை வைத்துப் பிடிப்பதில்லை. வீடு கொடுத்துப் பிடிப்பது. இந்தப் பிராணியைப் பற்றி எழுதப்பட்ட பல புத்தகங்களைவிட அந்தக் கயிற்றுக்கு அதன் சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பேயைக் கண்டு பயந்தவர்கள் நாவலாசிரியர்கள்தான். விக்டர் ஹ்யூகோ நாடுகடத்தப்பட்டு கெர்ன்ஸி தீவில் இருந்தபோது எழுதி, 1866-ல் வெளியிட்ட 'கடலில் உழைப்பவர்கள்' நாவலில், கில்யாத் என்ற மாலுமி ஒரு ஆக்டோபஸோடு போராடும் கட்டம் வருகிறது. தீவுக்காரர்களின் பேச்சு வழக்கில் இருந்த ஒரு சொல்லை ஹ்யூகோ அங்கே எடுத்தாண்டார். பிரெஞ்சு பாஷையில் ஆக்டோபஸுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நாலு வருஷம் கழித்து ஜூல்ஸ் வெர்ன் நீர்மூழ்கிக் கப்பலை ராட்சச ஜந்துக்கள் சூழும் காட்சியை எழுதியபோது, இதையெல்லாம் வர்ணிக்க ஹ்யூகோவின் பேனா வேண்டும் என்று கதைசொல்லியின் வாயாலேயே ஒப்புக்கொண்டார். 1896-ல் எச்.ஜி. வெல்ஸ், கரையோரம் வந்து மனிதர்களைத் தின்னும் கணவாய்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். அவருடைய பேரன் மார்ட்டின் வெல்ஸ் விலங்கியல் படித்து, நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து, ஆக்டோபஸ்கள் தொட்டுத் தொட்டு எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று சோதனை செய்தார். தாத்தா கண்ட பேய், பேரனுக்கு மாணாக்கனாயிற்று. இரண்டு தலைமுறை போதுமானதாக இருந்தது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் மனிதனுடைய மனம் திடீரென்று விசாலமடைந்தது அல்ல. காரணம் கண்ணாடி. சிசிலித் தீவில் மெஸினா நகரில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, முதலில் தையல்காரியாக இருந்தவர். 1832-ல் அவர் கண்ணாடித் தொட்டிகளைச் செய்யச் சொல்லிக் கடல்நீர் நிரப்பி உயிர்களை வளர்த்துப் பார்த்தார். எதற்காக என்றால், ஆர்கனாட் என்ற பிராணி தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறதா, வேறொன்றினுடைய ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்ற தகராறைத் தீர்க்க. தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று நிரூபித்தார். ஆர்கனாட் ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்தது. ஆக, கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியின் ஆரம்பத்திலேயே ஒரு ஆக்டோபஸ் இருக்கிறது. அதே வருஷம் சார்லஸ் டார்வின், கேப் வெர்ட் தீவில் பிடித்த ஒன்றைக் கப்பலில் தம் அறையில் வைத்திருந்து, அது இருட்டில் லேசாக ஒளி விட்டது என்று எழுதிவைத்தார். பிறகு 1875-ல் ஹென்றி லீ என்பவர் பிரைட்டன் மீன்காட்சிசாலையிலிருந்து எழுதிய புத்தகத்தில், இரவில் தன் தொட்டியை விட்டு ஏறிப் போய், பக்கத்துத் தொட்டியில் இருந்த மீன்களைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் வீடு திரும்பிவிடும் ஒரு ஆக்டோபஸைப் பற்றிச் சொல்லுகிறார். ஹ்யூகோவின் பேய் இங்கே அடுப்பங்கரைப் பூனை ஆகிவிட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909-ல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் ஒரு கடல்வாழ் உயிர்க் காட்சிசாலை ஏற்பட்டு, இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் மூடப்பட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் ஜந்து என்று ஆனபிறகு பயம் போய்விடுகிறது. பயம் போன இடத்தில் சிநேகம் வருகிறது. அந்தச் சிநேகம் எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் நம்முடைய கேள்வி.

அமெரிக்க எழுத்தாளர் சை மான்ட்கமரி 2015-ல் வெளியிட்ட 'ஆக்டோபஸின் ஆன்மா' என்ற புத்தகம் அந்தச் சிநேகத்தின் கதை. அந்த வருஷத்து அமெரிக்கத் தேசியப் புத்தகப் பரிசுக்கு இறுதிச் சுற்றுவரை போன புத்தகம். பாஸ்டன் நகரத்து நியூ இங்கிலாந்து மீன்காட்சிசாலையில் அதீனா, ஆக்டேவியா, காளி, கர்மா என்ற நாலு ஆக்டோபஸ்களோடு அந்த அம்மாள் பழகினார். தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீருக்குள் கையை விடுகிறார். உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக வந்து கையைப் பற்றுகின்றன. உறிஞ்சியால் ஆக்டோபஸ் தொடுவது மட்டுமல்ல, ருசியும் பார்க்கிறது. சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. இதயம் மூன்று, ரத்தம் நீலம். இந்தத் தகவல்களையெல்லாம் பாடப் புத்தகம் மாதிரி அடுக்காமல், தன் கையில் பட்ட குளிர்ச்சியோடு சேர்த்துச் சொல்லுகிறார். அந்த வகையில் அவர் நல்ல எழுத்தாளர். நான் இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன்.

புத்தகத்தின் குறை அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஆன்மா என்ற சொல்லை இந்த ஊரில் இருந்துகொண்டு அவ்வளவு சுலபமாகச் செலவழிக்க முடியாது. மான்ட்கமரிக்கு ஆக்டோபஸ் கையைப் பற்றினால் சிநேகம், தண்ணீரைப் பீச்சி அடித்தால் விளையாட்டு, ஒதுங்கிக்கொண்டால் மனவருத்தம். எதைச் செய்தாலும் அது அவருக்குப் புரிகிற ஒன்றையே செய்கிறது. நாவலில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால், ஆசிரியர் பாத்திரத்தைப் பேசவிடாமல் தானே பேசுகிறார் என்று விமர்சகர்கள் சொல்லுவார்கள். பிராணியைப் பற்றிய புத்தகம் என்பதால் அதே குற்றத்தைக் கருணை என்று பாராட்டிவிடுகிறோம்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் காளியின் கதை இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை. காட்சித் தொட்டியில் ஆக்டேவியா முட்டைகளை வைத்துக்கொண்டு இடத்தை அடைத்திருந்ததால், வளர்ந்துவரும் காளிக்கு வேறு இடம் இல்லை. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் ஒரு ஊறுகாய்ப் பீப்பாயில் ஓட்டைகள் போட்டு அதில் அவளை வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அதில்தான் இருந்தாள். கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், சிறு இடுக்கு ஒன்றின் வழியாக வெளியே வந்து தரையில் கிடந்தாள். பிழைக்கவில்லை. ஆசிரியை அழுகிறார், உண்மையாகவே அழுகிறார். ஆனால் அழுத கையோடு அந்த அத்தியாயத்தை முடித்து, அடுத்ததாக வந்த கர்மாவைக் கொஞ்சப் போய்விடுகிறார். காளி என்று பெயர் வைத்து ஊறுகாய்ப் பீப்பாயில் அடைத்தவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தம் தெரியுமா என்று இங்கே யாரும் கேட்பார்கள். நான் கேட்க விரும்புவது அதைவிடச் சின்னக் கேள்வி. 'அவள்' என்று எழுதிய பிறகு, பீப்பாய்க்குள் இருப்பவளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாராவுக்கு எப்படிப் போக முடிகிறது?

இந்தக் கேள்வியை நான் படித்த உடனே கேட்டிருந்தால் பாராட்டலாம். கேட்கவில்லை. புத்தகம் பிரமாதம் என்று சொல்லி, செங்கம் சாலைத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். ஏற்கெனவே ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டை வளர்த்துவந்தார். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். மீன்களை ஒரு சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டு, தொட்டிக்கு மேலே கனமான மூடி போட்டு நாலு மூலையிலும் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆக்டோபஸுக்கு வாய் மட்டும்தான் சார் கெட்டி. அந்தக் கிளிமூக்கு நுழையற இடத்தில உடம்பு பூரா நுழைஞ்சிடும்" என்றார்.

கடல் இல்லாத ஊரில் கடலை உண்டாக்குவது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாண்டிச்சேரிக் கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீரில், அதற்கென்று விற்கிற உப்புத்தூளை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்கவேண்டும். 400 லிட்டர் தொட்டிக்கு 14 கிலோ. அதோடு ஆகிவிடவில்லை. பிராணியின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டிக்குள் குடியேறும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். தண்ணீரில் செம்பு துளி கலந்தாலும் ஆபத்து. அதன் ரத்தத்தை நீலமாக்குவதே செம்புதான் என்பது வேடிக்கை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறாமல் குளிர்விக்க ஒரு இயந்திரம். மின்சாரம் போனால் ஓட்ட இன்வர்ட்டர். செலவை நான் கேட்கவில்லை. அவர் அம்மாவும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாள் வேறொன்று கேட்டார். அது சைவக் குடும்பம். ஆக்டோபஸுக்கு நண்டும் இறாலும் வேண்டும். கடலூரிலிருந்து தெரிந்தவர் மூலமாக உயிர் நண்டு வரும். பின்கட்டில் தனிக் குளிர்பெட்டி வைத்து, சமையலறைப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அம்மாள் சம்மதித்திருந்தார். ஒருநாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட்டார்: "நீங்களே சொல்லுங்க சார். இதுக்குப் புத்தி இருக்குன்னு இவன் கொண்டாடறான். அந்த நண்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

மான்ட்கமரியின் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. அதன் மிகப் பெரிய குறை இதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. தொல்காப்பியத்து மரபியலை எடுத்துப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, நத்தை இனத்துக்கு ஈரறிவு கொடுத்தார் தொல்காப்பியர், நண்டுக்கு நாலறிவு. ஆக்டோபஸ் மெல்லுடலி, நத்தைக்குச் சொந்தக்காரன். இலக்கணப்படி நாலறிவுக்காரனை ஈரறிவுக்காரனுக்கு இரையாகப் போட்டுக்கொண்டிருந்தார் தம்பி. தொல்காப்பியர் சொன்ன அந்த இரண்டு அறிவு தொடுதலும் சுவையும். ஆக்டோபஸின் உறிஞ்சிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. உடனே அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரிந்திருந்தது என்று மேடையேற வேண்டியதில்லை. பொந்தைத் திறக்கவும், வழியை நினைவு வைத்துக்கொள்ளவும், ஆளை அடையாளம் கண்டுகொள்ளவும் அதற்கு முடியும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். வகுத்துவைத்த படிக்கட்டில் அது நிற்க மறுக்கிறது. 2022-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், பிராணிகளின் உணர்வை அங்கீகரிக்கும் சட்டத்தில் ஆக்டோபஸையும், கூடவே நண்டையும் சேர்த்தது. அம்மாள் கேட்டதற்கு இதைத்தான் நான் பதிலாகச் சொன்னேன். "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

'என் ஆக்டோபஸ் ஆசான்' படத்தை நான் பார்த்தது அந்த ஹாலில்தான். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் அருகே, குளிர்ந்த கடலின் பாசிக் காட்டில், கிரெய்க் ஃபாஸ்டர் என்ற மனிதர் பிராணவாயு உருளைகூட இல்லாமல் தினமும் மூழ்கி, ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரே ஆக்டோபஸைப் பார்த்துவருகிறார். பிப்பா எர்லிக்கும் ஜேம்ஸ் ரீடும் இயக்கி 2020-ல் வந்த இந்தப் படம் அடுத்த வருஷம் ஆஸ்கார் பரிசு பெற்றது. இங்கே தொட்டி இல்லை, பீப்பாய் இல்லை. அந்த வகையில் இது அவதூதரின் வழி. ஒரு சுறா அவளுடைய கை ஒன்றைக் கடித்துப் பறித்துக்கொண்டு போகிறது. ஃபாஸ்டர் குறுக்கே போகவில்லை. கை மறுபடி வளருகிறது. இன்னொரு முறை சுறா துரத்தும்போது அவள் கிளிஞ்சல்களை வாரித் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறாள். பிறகு, சுறாவின் முதுகின் மேலேயே ஏறிக்கொள்கிறாள். இந்தக் காட்சிகளுக்கு முன்னால் விமர்சகன் பேசாமல் இருப்பது நல்லது.

பேசவேண்டியது அதற்குமேல் ஓடும் குரலைப் பற்றி. ஃபாஸ்டர் மனம் சோர்ந்த நிலையில் கடலுக்குப் போனவர். அவள் பிழைத்தபோது அவர் பிழைத்தார், அவள் கை வளர்ந்தபோது அவர் மனம் வளர்ந்தது என்று படம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவரிடம் ஒரு ரசீது வாங்கிக்கொள்கிறது. மான்ட்கமரி ஆக்டோபஸைப் பீப்பாயில் வைத்தார் என்றால், ஃபாஸ்டர் தன் சுயசரிதையில் வைத்தார். அவளுக்கு இவரிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் அந்தக் கதையில் பெரிய விஷயம். படம் அதை ஒரு நிமிஷம்கூடத் தனியாக நிற்கவிடவில்லை. ஹ்யூகோவின் பேய்க்கு ஒரு மரியாதை இருந்தது. கில்யாத்தின் மனத்தைத் தேற்றும் வேலை அதற்குக் கிடையாது.

இரண்டு ஆசிரியர்களுமே முதல் வரியிலிருந்து 'அவள்' என்றுதான் சொல்லுகிறார்கள். தமிழ்க்காரனுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. நமக்கு மனிதர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. ரமணர் பிராணிகளை அது என்று சொல்லமாட்டார் என்று ஆர்தர் ஆஸ்பர்ன் முதலியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாயாக இருந்தாலும் பசுவாக இருந்தாலும் அவன், அவள்தான். ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காக்கைக்கும் சமாதிகள் இருப்பதை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். மலையில் பாம்புகள் வந்தபோதும், அவற்றின் வீட்டுக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்ற பொருள்பட அவர் பேசியதாகச் சொல்லுவார்கள். திணை மாற்றிச் சொன்ன அந்த ஒரு சொல்லோடு, வீடு யாருடையது என்ற நினைப்பும் கூடவே இருந்தது. அந்த நினைப்பு இல்லாமல் சொல்லை மட்டும் மாற்றினால், அது கொஞ்சல்தான்.

நம் தம்பி ஆரம்பத்திலிருந்து 'அது' என்றே சொல்லிவந்தார். பெயரும் வைக்கவில்லை. ஆடியில் ஒரு வியாபாரி மூலமாகச் சென்னையிலிருந்து, பிராணவாயு நிரப்பிய பையில் அது வந்து சேர்ந்தது. நல்ல பெரிதாகப் பார்த்து வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னார். அவர் வந்து நின்றால் பொந்தை விட்டு வரும். என்னைக் கண்டால் உள்ளே போய்விடும். இறாலைப் போட்டு மூடிய கண்ணாடி ஜாடியை மூன்றாம் நாளே திறந்துவிட்டது. ஐப்பசியில் ஒருநாள் பொந்தின் வாயைக் கற்களால் அடைத்துக்கொண்டது. எட்டிப் பார்த்தால், உள்ளே அரிசி மணி கோத்தது போல வெள்ளைச் சரங்கள் தெரிந்தன.

முட்டை என்றால் என்ன ஆகும் என்று புத்தகம் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெண் ஆக்டோபஸ் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். அதன்பிறகு சாப்பிடாது. முட்டைகளைத் துடைத்துக்கொண்டும், மேலே நீரை ஊதிக்கொண்டும் இருந்து செத்துப்போகும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளின் வேலை இது என்று 1977-ல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் அது முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிக்கிறதாம். பொதுவாகவே இவற்றின் ஆயுள் ஒன்று, இரண்டு வருஷங்கள்தான். பெரிதாகப் பார்த்து வாங்கியதன் அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பெரிதாக இருந்தது வயதானதால். தம்பி வாங்கியது ஒரு கிழவியை.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஊர் முழுக்க ஜனம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கடலூர் நண்டு வர வழியில்லை. தம்பி முன்யோசனையாக இரண்டு நாள் முன்னாலேயே வரவழைத்து வைத்திருந்தார். அவை அப்படியே இருந்தன. முட்டைகளில் உயிர் இல்லை என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் தொட்டிக்குள்ளே துடைப்பதும் ஊதுவதும் நடந்துகொண்டிருந்தது. ஒரு இறாலைக் குச்சியில் குத்திப் பொந்து வாசலில் நீட்டினார். ஒரு கை வந்து அதைத் தொட்டுப் பார்த்து, மெதுவாகத் தள்ளிவிட்டது.

"அவ சாப்பிடறதில்ல சார்" என்றார்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நாலு மாத விளையாட்டில் வராத 'அவள்', இவரால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆனபோது வந்துவிட்டது.

தீபம் முடிந்து நாலைந்து நாளில் செத்துவிட்டது. தம்பி என்னிடம் கேட்டார்: "நான் தப்புப் பண்ணிட்டேனா சார்?" கடலில் இருந்தாலும் அந்த முட்டைகளுக்குப் பிறகு அது செத்துத்தான் இருக்கும் என்றேன். உண்மைதான். ஆனால் கடலில் இருந்திருந்தால் அந்த முட்டைகளுக்கு உயிர் இருந்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும். நான் கொடுத்த புத்தகத்தால்தானே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுத்தபிறகு ஆக்டேவியாவின் கடைசி நாட்களை மறுபடி படித்தேன். அவளுடையதும் உயிரில்லாத முட்டைகள்தான். மாதக்கணக்கில் காவல் இருந்து கிழடு தட்டியபின் அவளை எடுத்துப் பீப்பாயில் விட்டார்கள். வெகு நாளாக யாரையும் தொடாதவள், கடைசியாக ஒரு முறை மேலே வந்து மான்ட்கமரியின் கையைப் பற்றுகிறாள். ஏன் பற்றினாள் என்று ஆசிரியை விளக்குகிறார். முதல் தடவை அந்த விளக்கம் என்னை உருக்கியது. இந்தத் தடவை விளக்கத்தை விட்டுவிட்டு, பற்றியதை மட்டும் படித்தேன். அது போதுமானதாக இருந்தது.

புத்தகம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். காளிக்காகவும் ஆக்டேவியாவுக்காகவும் அதைப் படிக்கத்தான் வேண்டும். பேயாக இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரியாக ஆக்கியது சின்னக் காரியமில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தன் வீடு என்று ஒன்று இருக்கும் என்பதை மட்டும் அது எழுதாமல் விட்டுவிட்டது. இனி யாராவது அந்தப் புத்தகத்தை என்னிடம் இரவல் கேட்டால் கொடுப்பேன். கொடுக்கும்போது செங்கம் சாலைத் தொட்டியைப் பற்றியும் சொல்லிக் கொடுப்பதாக இருக்கிறேன். அந்தத் தொட்டி இப்போது காலியாக இருக்கிறது. உப்பு மட்டும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தொட்டியை விற்றுவிடலாமே என்று அம்மாள் சொன்னதற்கு, தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.